என்ன சத்தம், எப்போ சத்தம்? ஆல் வீல் டிரைவ் பழுது அட்டவணைகள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

வண்டி ரிப்பேர் கையேடுகளில் ஆக்ஸில், டிஃபரென்ஷியல் பற்றிய அத்தியாயங்களின் கடைசிப் பக்கங்களில் பெரும்பாலும் ஓர் அட்டவணை இருக்கும். இடது கட்டத்தில் சத்தத்தின் பெயர், வலது கட்டத்தில் காரணம். உறுமலா? வீல் பேரிங். டக் டக்கா? ஆக்ஸில் ஜாயின்ட். ஊளையா? கிரவுன் பினியன். முனகலா? டிஃபரென்ஷியல் ஆயில். சத்தத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தரும் வீடியோக்களும் இதையேதான் பேச்சில் சொல்கின்றன. இந்தக் குறிப்பு அந்த அட்டவணையைப் பற்றியது. ஒரு கம்பெனியின் கையேட்டை எடுத்துத் திட்டுவது நோக்கமில்லை, அந்த வகை எழுத்தையே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம் என்றுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டவணை தப்பான கேள்வியில் தொடங்குகிறது. "என்ன சத்தம்?" என்று கேட்கிறது. முதலில் கேட்க வேண்டியது, "எப்போ வருது, என்ன செஞ்சா நிக்குது?" என்பது. இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியில் முதல் கேள்வியை வைத்தே ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். நான்கும் இழுக்கிற வண்டியில் அது பர்ஸைக் காலி செய்யும். உண்மையிலேயே ஆபத்தான சத்தத்தைக் கவனிக்காமல் விடவும் வைக்கும்.

பெயரை வைத்து என்ன தெரியும்?

ஒரே ஒரு சத்தத்தை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 50, 60 கிலோமீட்டரில் பின்பக்கம் இருந்து 'ஊ'ன்னு ஒரு இரைச்சல். இதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு: ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயர், வீல் பேரிங், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நடு பேரிங், டிஃபரென்ஷியலில் பினியன் பேரிங் அல்லது பல். முதலாவதைப் பார்க்க டயரைக் கையால் தடவிப் பார்த்தால் போதும். கடைசிக்கு ஹவுசிங்கையே இறக்க வேண்டும். அட்டவணையில் நான்கும் ஒரே கட்டத்தில் வரிசையாக இருக்கும். எதை முதலில் பார்ப்பது, எதைப் பார்த்தால் மற்றது கழியும் என்று இருக்காது.

இன்னொரு சிக்கல், வார்த்தை. ஆங்கிலக் கையேடுகளில் முனகல், உறுமல், ஊளை, சிணுங்கல் என்ற பொருளில் ஏழெட்டு வார்த்தைகள் புழங்குகின்றன. அதைப் படிக்கிறவருக்கே ஒன்றுக்கும் மற்றதுக்கும் எல்லை எங்கே என்று தெரியாது. தமிழில் வண்டி வைத்திருப்பவர் அப்படிப் பேசுவதில்லை. "கொர்ர்ர்னு வருது", "கடகடங்குது", "திருப்பும்போது டக் டக்னு அடிக்குது" என்பார். இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. 'கடகட', 'டக் டக்' என்று இரட்டித்து வந்தால் தனித்தனி அடிகள் திரும்பத் திரும்ப விழுகின்றன. 'கொர்ர்ர்', 'ஊஊ' என்று இழுத்தால் அடிகளைப் பிரித்துக் கேட்க முடியாத தொடர் ஒலி. நம் இலக்கணம் இரட்டைக்கிளவி என்று பெயர் வைத்த சங்கதி, மெக்கானிக்குக்குப் பாதி தகவலைக் கொடுத்துவிடுகிறது. மீதிப் பாதி, எப்போது என்பது. அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

நான்கும் இழுத்தால் என்ன மாறுகிறது?

வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. எவ்வளவு பெரியது? முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.6 மீட்டர் என்று வச்சுக்குவோம். ஸ்டீயரிங்கை முழுசா ஒடித்தால் பின் அச்சின் நடுப்பகுதி 4.5 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது என்றால், முன் அச்சின் நடுப்பகுதி சுமார் 5.2 மீட்டர் ஆரத்தில் சுற்றும். ஏறக்குறைய 15 சதவீதம் அதிக தூரம். முன்னும் பின்னும் இறுக்கமாகப் பிணைந்திருந்தால் இந்த 15 சதவீதம் எங்காவது சறுக்கித்தான் ஆக வேண்டும். மண்ணில் டயர் சறுக்கிவிடும். தார் ரோட்டில் டயர் பிடித்துக்கொள்ளும். அப்போது ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு, வண்டி தயங்கித் தயங்கி நகரும்.

மாருதி ஜிப்ஸி மாதிரி வண்டிகளில் ஃபோர் வீல் லீவரைப் போட்டுத் தார் ரோட்டில் திருப்பினால் இப்படி ஆகும். அது பழுதில்லை, அதன் அமைப்பே அப்படி. லீவரை எடுத்தால் சரியாகிவிடும். ஆல் வீல் டிரைவ் வண்டியில் லீவரே கிடையாது. இந்த வித்தியாசத்தை விழுங்குவதற்கென்றே நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் அல்லது பல தகடுகள் கொண்ட கிளட்ச் இருக்கிறது. அந்த வண்டியில் அதே தயக்கம், அதே முறுக்கு வந்தால் அது பழுது. ஆக, ஒரே அறிகுறி ஒரு வண்டியில் இயல்பு, இன்னொன்றில் நோய். ஜீப்பில் காது பழகிய மெக்கானிக் "ஃபோர் வீல்னா இப்படித்தான் சார் இருக்கும்" என்று அனுப்பிவிடுவது இதனால்தான். சத்தத்தின் பெயரை மட்டும் வைத்திருக்கும் அட்டவணையிலும் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஆயிலில் முடிகிற கதை

இதற்கு நல்ல உதாரணம் பழைய ஹோண்டா சி.ஆர்.வி-களின் 'ரியல் டைம்' ஃபோர் வீல் டிரைவ். அதன் பின் டிஃபரென்ஷியலோடு இரண்டு ஹைட்ராலிக் பம்புகள் இருக்கும். ஒன்று புரொப்பல்லர் ஷாஃப்ட்டோடு, அதாவது முன் சக்கரங்களின் வேகத்தோடு சுற்றும். மற்றது பின் சக்கரங்களோடு சுற்றும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும்வரை ஒன்று தள்ளும் ஆயிலை மற்றது இழுத்துக்கொள்ளும். முன் சக்கரம் வழுக்கி வேகமாகச் சுற்றினால் ஆயில் அழுத்தம் மிஞ்சி, கிளட்ச் தகடுகளை அழுத்தும். பின் சக்கரத்துக்குச் சக்தி போகும். கம்ப்யூட்டர் இல்லாமலே நடக்கிற எளிமையான ஏற்பாடு.

பழைய வண்டிகளில் இதில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுசா ஒடித்து மெதுவாக நகர்த்தினால் பின்னால் ஒரு முனகல், கூடவே உடம்பில் ஓர் அதிர்வு. நேராக ஓட்டினால் ஒன்றும் இல்லை. காரணம், உள்ளே இருக்கும் ஆயில் பழசாகிவிட்டது. தகடுகள் வழுக்கிப் போகாமல் ஒட்டி ஒட்டி விடுபடுகின்றன. கதவின் கீல் எண்ணெய் இல்லாமல் முனகுகிறதே, அதே இயக்கம்தான். பல வண்டிகளில் வைத்தியம், அந்த டிஃபரென்ஷியலுக்கென்றே உள்ள 'டூயல் பம்ப்' ஆயிலை மாற்றுவது. ஏறக்குறைய ஒரு லிட்டர். மாற்றிவிட்டு, காலி இடத்தில் வட்டமடித்து ஓட்டி, புது ஆயில் தகடுகளுக்குள் இறங்கவிட வேண்டும். முனகல் மிச்சமிருந்தால் இன்னொரு முறை மாற்ற வேண்டும்.

அட்டவணை இங்கே இரண்டு விதத்தில் கெடுக்கும். 'டிஃபரென்ஷியலில் இருந்து சத்தம்' என்ற வரியைப் பார்த்துப் போனால் கிரவுன் பினியனில் போய் நிற்போம். 'டிஃபரென்ஷியல் ஆயிலை மாற்று' என்ற வரியைப் பார்த்தாலோ, கடைக்காரர் எல்லா ஜீப்புக்கும் ஊற்றுகிற 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றிவிடுவார். கியர் பல்லுக்கு அது நல்ல ஆயில்தான். ஈரக் கிளட்ச் தகட்டுக்கும் பம்புக்கும் ஆகாது. ஹால்டெக்ஸ் கப்ளிங் வைத்த ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளில் கப்ளிங்குக்கு ஓர் ஆயில், பக்கத்திலேயே இருக்கும் டிஃபரென்ஷியல் பல்லுக்கு வேறு ஆயில். 'ஆயில்' என்ற ஒற்றைச் சொல் இந்த இடத்தில் போதாது.

ஒன்றை அணைத்துவிட்டுக் கேட்பது

சரி, எந்தச் சத்தம் கப்ளிங்கில் இருந்து வருகிறது என்று எப்படி உறுதி செய்வது? ஒரு நிலையை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி கேட்டுப் பார்ப்பதுதான் வழி.

1990களின் ஆட்டோமேட்டிக் சுபாருக்களில் இதற்கென்றே ஓர் இடம் இருந்தது. எஞ்சின் பக்கத்தில், முன் சக்கர இயக்கம் என்று குறித்த ஒரு காலி ஃபியூஸ் சாக்கெட். அதில் ஒரு ஃபியூஸைச் செருகினால் பின் சக்கரங்களுக்குச் சக்தி போவது நின்றுவிடும். செருகிவிட்டு அதே திருப்பத்தில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். முறுக்கல் போய்விட்டதா? சந்தேகம் கிளட்ச் பக்கம் வலுக்கிறது. அப்படியே இருக்கிறதா? வேறு இடத்தில் தேடுங்கள், அல்லது கிளட்ச் விடுபடவே மாட்டேன் என்கிறது. ஒரு ஃபியூஸில் இவ்வளவு தெரிந்துவிடுகிறது.

நம்மூரிலும் இதற்கு வழி இருந்த வண்டி உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டரின் ஆல் வீல் டிரைவ் மாடல் 2014-இல் வந்தது. அதில் டூ வீல், ஆட்டோ, லாக் என்று மூன்று நிலை காட்டும் ஒரு திருகு உண்டு. அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் மலையேற்றத்துக்கான திருகு என்றுதான் நினைத்திருப்பார்கள். பழுது பார்க்கவும் அதைப் போல ஒரு கருவி வேறில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: டூ வீலில் போட்டாலும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதனால் அந்த நிலையில் சத்தம் நின்றால் கப்ளிங், அல்லது சுமை ஏறும்போது மட்டும் பேசுகிற பாகம். நிற்காவிட்டால் ஷாஃப்ட், பேரிங், டயர் மூன்றும் இன்னும் சந்தேகப் பட்டியலில்தான்.

டயரின் பட்டன்

அட்டவணைகளில் டயருக்கு ஒரு வரி இருக்கும், அதுவும் பெரும்பாலும் டயர் இரைச்சல் பற்றி. ஆல் வீல் டிரைவில் டயர் செய்கிற வேலை அதைவிடப் பெரிது. ஒரு சின்னக் கணக்கு போடலாம்.

215/65 ஆர் 16 அளவு டயரின் சுற்றளவு சுமார் 2.15 மீட்டர். கிலோமீட்டருக்கு 464 சுற்று. பட்டன் 3 மில்லிமீட்டர் தேய்ந்த டயரின் சுற்றளவு கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர் குறையும். அது கிலோமீட்டருக்கு 468 சுற்று சுற்றும். நான்கு சுற்றுதானே என்று தோன்றும். முன்னால் இரண்டு புது டயர், பின்னால் இரண்டு பழசு என்றால், நேர் ரோட்டில் 100 கிலோமீட்டர் போவதற்குள் முன்னுக்கும் பின்னுக்கும் 400 சுற்று வித்தியாசம். வழக்கமாக ஓய்வில் இருக்க வேண்டிய கிளட்ச், நேர் ரோட்டிலும் தேய்ந்துகொண்டே போகிறது. ஆயில் சூடாகிறது, கருகுகிறது, திருப்பத்தில் முனகுகிறது. சத்தம் டிஃபரென்ஷியலில், காரணம் டயர் கடை பில்லில்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இது நடந்தது. வால்பாறைக்கு அடிக்கடி போய்வரும் வண்டி. கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் முனகல். ஒர்க்‌ஷாப்பில் பின் டிஃபரென்ஷியலை மொத்தமாக மாற்றச் சொல்லி எஸ்டிமேட் கொடுத்தார்கள். வேறொரு மெக்கானிக் அளவுகோலை வைத்துப் பட்டன் ஆழத்தை அளந்தார். முன்னும் பின்னும் ஒத்துவரவில்லை. நான்கையும் ஒரே மாதிரி ஆக்கி, கப்ளிங் ஆயிலை மாற்றினார்கள். முனகல் நின்றது. முதல் ஒர்க்‌ஷாப் ஏமாற்றப் பார்த்தது என்று நான் சொல்லமாட்டேன். அட்டவணை சொன்னதை அவர்கள் அப்படியே செய்தார்கள், அவ்வளவுதான்.

வேகமும் எண்ணும்

சத்தத்தின் நிறத்தைவிட அதன் வேகம் நம்பகமான சாட்சி. மேலே சொன்ன டயர் மணிக்கு 60 கிலோமீட்டரில் நொடிக்கு ஏறக்குறைய 7.7 முறை சுற்றும். பின் டிஃபரென்ஷியலின் விகிதம் 2.5 என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு சுமார் 19 முறை. பினியனில் 15 பல் என்றால் பல் மோதும் ஒலி 290 ஹெர்ட்ஸ் பக்கம். எஞ்சின் 2000 ஆர்.பி.எம்-இல் இருந்தால் நொடிக்கு 33 சுற்று.

இதில் இருந்து சில விஷயங்கள் தானாகவே தெரிகின்றன. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை செய்கிற கோளாறைக் காதால் ஒரு சுரமாகக் கேட்க முடியாது. இருக்கையிலோ ஸ்டீயரிங்கிலோ உதறலாகத்தான் தெரியும். ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட், ஒரு சுற்றுக்கு இரண்டு அதிர்வு கொடுக்கும். அது தரையில் ஒரு கனத்த 'உம்'. பல் தேய்மானம் மட்டுமே தெளிவான ஊளையாகக் கேட்கும். செல்போனில் ஒலி அலைவரிசை காட்டும் ஆப் ஒன்றும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால், பெயர் தேடும் சண்டையில் பாதி முடிந்துவிடும்.

ஆனாலும் எண் மட்டும் போதாது. பல் மோதும் ஒலி நல்ல வண்டியிலும் இருக்கிறது. நமக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான். டிஃபரென்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ் இறுகிப்போனாலோ கிழிந்தாலோ, எப்போதும் இருந்த ஒலி பாடிக்குள் ஏறிவிடும். அப்போது கிரவுன் பினியனை மாற்றினாலும் ஊளை போகாது. ஒலி பிறக்கும் இடம் வேறு, ஒலி வரும் வழி வேறு. 'சத்தம் – காரணம்' என்ற இரண்டு கட்டத்தில் அந்த வழிக்கு ஒரு கட்டம் இல்லை.

அட்டவணையின் பக்கமும் கொஞ்சம்

நியாயமாகப் பார்த்தால், நல்ல கையேடுகள் ஆக்ஸில் சத்தத்தை இழுவையில், சம வேகத்தில், சுமையே இல்லாத மிதப்பில், காலை எடுத்தபின் என்று நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றன. இழுவையில் மட்டும் ஊளையிட்டால் பல்லின் ஒரு முகம், காலை எடுத்தால் மட்டும் என்றால் மறுமுகம் என்று தேட வைக்கின்றன. அது பயிற்சி பெற்ற ஆளுக்காக எழுதியது. ஒரு பக்கமாகச் சுருக்கி வீடியோவாகவும் ஒட்டுத்தாளாகவும் ஆக்கும்போது, நிலைகள் உதிர்ந்து பெயர்கள் மட்டும் மிஞ்சுகின்றன. என் புகார் அந்தச் சுருக்கத்தின் மேல்தான்.

"அனுபவப்பட்ட மெக்கானிக் கேட்ட உடனே சொல்லிடுவாரே" என்று சிலர் கேட்பார்கள். சொல்லிவிடுவார், உண்மைதான். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சாவியை வாங்கி அவரே ஓட்டுவார். 60-இல் காலை எடுப்பார். சமதளத்தில், முன்னும் பின்னும் யாரும் இல்லாதபோது நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்ப்பார். இடமும் வலமும் மெல்ல வளைப்பார்: இடப்பக்கம் திருப்பும்போது கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங், ஏனென்றால் பாரம் அங்கே சாய்கிறது. புது தார் ரோட்டில் இருந்து பழைய ரோட்டுக்கு மாறும்போது காது கொடுப்பார்: சத்தத்தின் தன்மை மாறினால் டயர், மாறாவிட்டால் இயந்திரம். அவருடைய திறமை காதில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். பாதி அவர் காலில் இருக்கிறது. அவர் செய்வதை எழுதி வைக்க முடியும். அட்டவணை அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

பெயரே போதும் என்கிற இடங்களும் உண்டு. ஷாஃப்ட் பக்கம் 'டங்' என்ற அடியோடு நாளுக்கு நாள் கூடும் அதிர்வு, சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம், ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் தகிப்பது: இவற்றுக்கு ஆராய்ச்சி வேண்டாம். வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். வீட்டில் ஜாக்கி போட்டு இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி எஞ்சினை ஓட்டிக் கேட்பதும் வேண்டாம். தரையில் இருக்கிற சக்கரமும் இழுக்கும், வண்டி ஜாக்கியை விட்டு இறங்கிவிடும். இந்த எச்சரிக்கைகளைத்தான் அட்டவணையின் முதல் வரியில் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

ஜாப் கார்டில் இருந்து தொடங்கலாம்

இந்தப் பிரச்னை கையேட்டோடு முடிவதில்லை. சர்வீஸ் சென்டர் கவுன்டரில் நாம் அரை மணி நேரம் விளக்குவோம். ஜாப் கார்டில் ஏறுவது "பின்பக்கம் சத்தம், செக் செய்யவும்" என்ற ஒரு வரி. திருப்பத்தில் மட்டும், சூடான பிறகு மட்டும், போன மாதம் டயர் மாற்றிய பிறகு மட்டும் என்று நாம் சொன்ன எல்லா 'மட்டும்'களும் அங்கேயே விழுந்துவிடும். உள்ளே இருக்கும் மெக்கானிக்குக்குக் கிடைப்பது பெயர் மட்டும். அவர் அட்டவணையைப் பார்க்காமல் வேறு என்ன செய்வார்?

அதனால் வண்டியை விடுவதற்கு முன் இதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த வேகத்தில் தொடங்குகிறது, எதில் நிற்கிறது. கியர் மாற்றினால் மாறுகிறதா, வேகத்தோடு மட்டும் போகிறதா. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடுகிறதா, விட்டால் கூடுகிறதா. இடம், வலம், முழு ஒடிப்பு, இவற்றில் எதில். வண்டி ஆறியிருக்கும்போதா, சூடான பிறகா. ரோடு மாறினால் மாறுகிறதா. நான்கு டயரின் பட்டன் ஆழம், கப்ளிங் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது, என்ன ஆயில். சத்தத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று மட்டும் யோசிக்க வேண்டாம். 'கொர்ர்'னு எழுதினாலே போதும்.